புகை தெரியாத அடுப்பு

இமெல்டாவின் வீட்டுக்கும் மாக்கிரட்டின் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரேயொரு செங்கல் சுவர். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தத் தெரு முழுவதும் அப்படித்தான், வீடுகள் ஒன்றின் தோளோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். காலையில் மாக்கிரட் தையல் மெசினை ஓட்டத் தொடங்கினால் இமெல்டாவின் குசினியில் தட்டுகள் மெல்ல அதிரும். இமெல்டாவின் மகள் றொஷினி தும்மினால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாக்கிரட் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிள்ளைக்குத் தடிமனோ?" என்று கேட்பாள்.

அயலவர்கள் என்று மட்டும் சொன்னால் அது குறைவு. தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கடைசியில் இமெல்டாவும் கணவன் டனிஸ்ரனும் மொன்றியலில் வந்து இறங்கியபோது அவர்களுக்குத் தெரிந்தவர் என்று அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, மெல்லிய ஜக்கெற்றோடு கத்தோலிக்கக் கோவில் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் மாக்கிரட்டின் கணவர் எமிலியானுஸ் கண்டார். அவர் மன்னார்க்காரர், இவர்கள் யாழ்ப்பாணம் பாசையூர். அவர் எந்த ஊர் என்று கேட்டதோடு சரி. "வாங்கோ, முதல்ல சூடா ஏதாவது குடிப்பம்" என்று தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய பேஸ்மென்ட்டில் எட்டு மாதம் இருந்தார்கள். புவாண்ட்-கிளேரில் தான் மேற்பார்வையாளராக இருந்த பண்டகசாலையிலேயே டனிஸ்ரனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தார் எமிலியானுஸ். பக்கத்து வீட்டின் கீழ்த்தளம் காலியானபோது, அதன் கிரேக்கச் சொந்தக்காரரிடம் தானே போய்க் கதைத்து அதையும் பிடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லாத அவர்கள் றொஷினிக்கு ஞானப்பெற்றோராக நின்றார்கள்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஐஸ் மழை பெய்து மின்கம்பங்கள் முறிந்து விழுந்தபோது எல்லாரும் அந்த ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சூடாக்கி நின்றுபோனது. இரண்டு நாள் கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாம் நாள் பொலிஸ்காரர் வந்து, கர்ப்பிணியான இமெல்டாவை வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் இருக்கக்கூடாது என்று எல்லாரையும் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்கு ஏற்றிப் போனார். அங்கே மடக்குக் கட்டில், சூப்புக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. எமிலியானுஸ் வரிசையில் நின்றார். கையில் கொடுத்த சூப்புக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "மடுக் கோயில் அகதி முகாமிலயும் இப்பிடித்தான் நிண்டனான்" என்றார். "இனி என்ர உயிர் போனாலும் சூட்டுக்கும் சோத்துக்கும் ஒருத்தனுக்கு முன்னால போய் நிக்கமாட்டன்."

அடுத்த இலையுதிர்காலம் லஷீனில் வீட்டைக் காலிசெய்த ஒரு போலந்துக் கிழவரிடம் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பை வாங்கி வந்து, குழாய் இணைத்து பேஸ்மென்ட்டில் பூட்டினார். நிலக்கரி அடுப்பு. மின்சாரச் சூடாக்கி வேலை செய்தாலும் அதை நிற்பாட்டிவிட்டுக் கரியைத்தான் எரித்தார். அவருக்குக் கரி கொடுத்த லசால் கடைக்காரர் நல்ல கடினமான கரி வைத்திருந்தார். உடைத்தால் கண்ணாடிபோல மினுங்கும், நீலமாக எரியும், புகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து குளிர்காலம் அந்தச் சூடு நடுச்சுவர் வழியே இமெல்டாவின் வீட்டுக்கும் வந்தது. குளிக்க வைத்த பிள்ளையை இமெல்டா அந்தச் சுவரோரம் வைத்துத்தான் துவட்டுவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்தக் கடைக்காரர் கடையை மூடினார். வேறோர் இடத்தில் எமிலியானுஸுக்குக் கிடைத்தது கொல்லன் பட்டறைக்கு விற்கிற மென்கரி. அது எரிந்தபோது மஞ்சளும் கறுப்புமாகப் புகை எழுந்தது. அழுகின முட்டையும் தீக்குச்சியும் சேர்ந்தாற்போல ஒரு மணம். நவம்பர் முடிய முன்னமே பின்முற்றத்துப் பனியில் கறுப்புப் பொட்டு விழத் தொடங்கியது. இமெல்டா யன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைப்பாள், அடுத்த நாள் திரும்பவும் கறுத்திருக்கும். யன்னல்களைச் சுற்றி பிளாஸ்திக் ஒட்டினாள். அதற்குள்ளாலும் மணம் வந்தது.

றொஷினிக்கு அப்போது ஐந்தரை வயது, பாலர் வகுப்பு. மூன்று வயதிலிருந்தே மெல்லிய முட்டு, மூச்சிழுப்பு, இருந்தது. அந்தக் குளிர்காலம் அது மெல்லியதாக இருக்கவில்லை. விடியற்காலையில் பிள்ளை எழும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சு எடுக்கும். கழுத்தடியில் குழி விழும். வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்து, மடியில் வைத்து முதுகைத் தடவியபடி இமெல்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் தடவை அவள் மாக்கிரட்டிடம் சொன்னது வெகு பவ்வியமாக.

"அக்கா, அண்ணை புதுக்கரி போடுறாரோ? கொஞ்சம் மணக்குது."

"எனக்கும் மணக்குதுதான்" என்றாள் மாக்கிரட். "தைக்கிற வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாப் போகுது. சொல்லிப் பாக்கிறன்."

சொன்னாளோ இல்லையோ, புகை குறையவில்லை. இரண்டாவது தடவை இமெல்டா எமிலியானுஸிடமே சொன்னாள். அவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பிள்ளைக்கு முட்டு கூடிப்போச்சு. புகை கொஞ்சம் உள்ளுக்க வருது."

அவர் பனிச் சவளை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "குளிருக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் முட்டு வாறதுதானே. நீங்கள் யன்னலை நல்லா இறுக்கிச் சாத்துங்கோ. உங்கட வீட்டுக்காரன் கிரேக்கன் ஒரு சதத்துக்கும் யன்னல் மாத்தமாட்டான். நான் வந்து ஒட்டிவிடுறன்."

சொன்னபடி அன்று பின்னேரமே வந்து ஏணி வைத்து, எல்லா யன்னலுக்கும் நுரை நாடா ஒட்டிவிட்டுத்தான் போனார். தேத்தண்ணி கொடுத்தபோது றொஷினியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இதற்குமேல் அந்த மனிதரிடம் எப்படி வாய் திறப்பது?

மூன்றாவது தடவை சொல்லும்படி டனிஸ்ரனைக் கேட்டாள். அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை தூக்கவில்லை.

"நான் என்னெண்டு சொல்லுறது? அந்தாள் இல்லாட்டி நாங்கள் இஞ்ச ஆர்?"

"அதுக்காகப் பிள்ளை மூச்செடுக்காமல் கிடக்கிறதோ?"

"குளிர் மாசி கழிய முடிஞ்சிடும். பேந்து பாப்பம்."

ஆகவே மூன்றாவது தடவையும் அவளேதான் சொன்னாள், மாக்கிரட்டிடம். மாக்கிரட் ஊசியில் நூல் கோத்தபடி, "அவருக்கு அந்த அடுப்பு அடுப்பில்லைப் பிள்ளை" என்றாள். "அதில கை வைச்சால் என்னையே வெளியில போகச் சொல்லுவார்." சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு இமெல்டா கேட்கவில்லை.

டிசம்பர் பத்தாம் திகதி வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். றொஷினியின் உதடு நீலமாகிவிட்டது. அம்புலன்ஸில் ஏற்றிய பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. சுவாசப் பகுதியில் வேலை செய்த கத்தரின் என்ற கியூபெக்காரப் பெண் முகமூடியைப் பிள்ளையின் முகத்தில் பிடித்துக்கொண்டே, வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பார்களா, பூனை இருக்கிறதா, விறகு எரிப்பார்களா என்று கேட்டாள். இமெல்டா உடைந்த பிரெஞ்சில் அடுத்த வீட்டுக் கரியடுப்பைப் பற்றிச் சொன்னாள். கத்தரின் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதாம், இது இனியும் நடந்தால் ஒரு நாள் நீங்கள் இங்கே வந்துசேர நேரம் போதாது" என்றாள்.

நகரசபைக்கு முறையிடும் தாளை அவளே எடுத்து வந்தாள், நிரப்பவும் உதவினாள். முறையிட்டவரின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள் என்றும் சொன்னாள். காபன் மொனொக்சைட்டைக் காட்டிக்கொடுக்கிற சின்ன அலாரம் ஒன்றை வாங்கி வீட்டில் பூட்டச் சொன்னாள். இமெல்டா கையெழுத்து வைத்தாள். பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். டனிஸ்ரனுக்குச் சொல்லவில்லை. அலாரத்தை மட்டும் வாங்கி நடையில் பூட்டினாள்.

கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமை நகரசபைப் பரிசோதகர் வந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரைப் புகையைப் பார்த்து எழுதினார், படம் எடுத்தார், பிறகு எமிலியானுஸின் கதவைத் தட்டி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் எமிலியானுஸ் அந்தக் கடிதத்தோடு நேரே இமெல்டாவின் குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாருங்கோ. புகை இப்பிடிப் போனால் குற்றமாம். ஆரோ என்னில பிட்டிசம் போட்டிருக்கினம்."

டனிஸ்ரன் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். உண்மையாகவே ஒன்றும் தெரியாதவனுடைய முகம். "ஆர் அண்ணை?"

"வேற ஆர், முன்வீட்டு வங்காளிதான். போன கோடையில அவன்ர கார் என்ர வாசலை மறிச்சதுக்கு நான் கத்தினனான் எல்லோ? அதுக்கு மனதில வைச்சு இப்ப கடிச்சிருக்கிறான். மூஞ்சைக்கு நேர வந்து சொல்ல ஏலாத கோழை." அவர் இமெல்டாவைப் பார்த்தார். "நீ அவன்ர மனுசியோட கதைக்கிறனீ தானே? ஏதும் வாய்விட்டவளோ?"

"இல்லை அண்ணை" என்றாள் இமெல்டா.

அது மட்டும்தான் அவள் சொன்னது. முன்வீட்டு மனிதர் ஒரு பாவமும் அறியாதவர். றொஷினியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று, வெறுங்கையோடு தெருவில் ஓடிய இமெல்டாவுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவரே அவர் மனைவிதான். "அவையாய் இருக்காது" என்றாவது சொல்லியிருக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்காகத் திரும்பிக்கொண்டாள்.

"சரி" என்று எமிலியானுஸ் எழும்பினார். "புகை தெரியக்கூடாது, அவ்வளவுதானே? தெரியாமல் எரிக்கிறன். ஒருத்தனும் வந்து படம் எடுக்க ஏலாது."

அதற்குப் பிறகு கூரையில் புகை மெலிந்தது, பிறகு ஏறக்குறைய இல்லாமலே போனது. அடுப்புக் குழாய்க்குள் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு தகடு இருந்தது. எமிலியானுஸ் அதை முழுக்கத் திருப்பி மூடி, நெருப்பின்மேல் சாம்பலை வாரிப் போட்டுக் கரியை மெதுவாகக் கனலவிட்டார். இதெல்லாம் இமெல்டாவுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் யன்னல் விளிம்பு வெள்ளையாக இருக்கிறது என்பதும், றொஷினி விடியும்வரை அயர்ந்து தூங்குகிறாள் என்பதும்தான். கிறிஸ்மஸ் பூசையில் முழந்தாளில் இருந்தபடி அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். ஒருவருக்கும் நோகாமல் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஜனவரி வந்தது. அந்த வருடக் குளிர் பல்லைக் கிட்டவைக்கிற குளிர். கிழமைக்கணக்காகச் சுழியத்துக்குக் கீழே இருபத்தைந்து. மாக்கிரட் தொலைபேசியில் அடிக்கடி தலையிடி என்றாள். "பேஸ்மென்ட்டில இருந்து தைச்சால் பின்னேரம் வாந்தி வருமாப்போல கிடக்கு. மேல வந்தால் சுகம். கண்ணாடி மாத்தவேணும் போல." இமெல்டாவுக்கும் இரண்டு மூன்று தடவை தலை கனத்தது. குளிருக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்று அவளும் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை. எமிலியானுஸும் டனிஸ்ரனும் மேலதிக வேலைக்குப் போயிருந்தார்கள். காலை பத்து மணிபோல நடையிலிருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. பற்றரி முடிந்துவிட்டதாக்கும் என்று இமெல்டா கதிரையில் ஏறி அதைக் கழற்றப் பார்த்தாள். கழற்றக் கை தூக்கியபோதுதான் காதில் ஒன்று உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அன்று காலை எட்டு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் எப்போது நின்றது?

றொஷினிக்குச் சப்பாத்து மாட்டவும் நேரம் எடுக்கவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கம்பியில்லாத் தொலைபேசியில் அவசர எண்ணுக்கு, வாயில் வந்த பிரெஞ்சையும் இங்கிலீசையும் சேர்த்து விலாசத்தைக் கத்தினாள். முன்வீட்டுக் கதவு திறந்தது, வங்காளிப் பெண் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இமெல்டா மாக்கிரட்டின் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அக்கா! மாக்கிரட் அக்கா! கதவைத் திறவுங்கோ!"

கடிதப் பெட்டியின் துளைக்குள்ளால் கூப்பிட்டாள். பின்பக்கம் ஓடி, பேஸ்மென்ட் யன்னலை மூடியிருந்த பனியைக் கையாலே தோண்டி, காலால் கண்ணாடியை உதைத்தாள். இரண்டாம் உதையில் உடைந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தையல் மேசைக்குக் கீழே மாக்கிரட்டின் கால் தெரிந்தது.

தீயணைப்புப் படை வந்து கதவை உடைத்தது. முகமூடியோடு உள்ளே போன இரண்டு பேர் மாக்கிரட்டைக் கொண்டு வந்து பனியில் விரித்த கம்பளியில் கிடத்தினார்கள். கையில் வாயுவை அளக்கிற மானி வைத்திருந்தவர் அதை ஒருதரம் பார்த்துவிட்டு இன்னொருவருக்குக் காட்டினார். அவர் விசிலடித்தார். தெருவில் குடியிருந்தவர்கள் எல்லாரும் யன்னலில் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மாக்கிரட்டை அழுத்தம் கூட்டிப் பிராணவாயு கொடுக்கிற அறைக்குள் வைத்தார்கள். எமிலியானுஸ் வேலை உடுப்போடு ஓடி வந்தபோது இமெல்டா வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். கண்ணாடி வெட்டின காலுக்கு யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள். டாக்குத்தர் வந்து, உயிருக்குப் பயமில்லை, ஆனால் மூளைக்கு எவ்வளவு பட்டிருக்கிறது என்பது கிழமைகள் போகத்தான் தெரியும் என்றார். பிறகு கேட்டார்: அடுப்புக் குழாய்த் தகடு மூடிக் கிடந்ததால் விஷவாயு வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே தேங்கியதாகத் தீயணைப்பாளர்கள் சொன்னார்கள், அந்தத் தகட்டை யார் மூடினது?

எமிலியானுஸ் தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். டாக்குத்தர் போனபின் அழுகையும் ஆத்திரமுமாகச் சத்தம் வந்தது.

"அந்த வங்காளி நாய்! அவன் பிட்டிசம் போட்டிராட்டி நான் ஏன் மூடப்போறன்? என்ர மனுசியைக் கொல்லப் பாத்தவன். நான் வீட்டை போய் முதல் வேலையா அவன்ர கதவை உடைக்கிறன் பார்."

டனிஸ்ரன் அவரைத் தோளில் பிடித்தான். இமெல்டா எழும்பினாள். கால் வலித்தது.

"அண்ணை, அவை இல்லை. நான்தான்."

"என்ன?"

"நான்தான் நகரசபைக்கு அறிவிச்சது. பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கேக்க."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. டனிஸ்ரனைப் பார்த்தார். டனிஸ்ரனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான், வாய் பாதி திறந்தபடி.

"நீயோ?" என்றார் எமிலியானுஸ். சத்தம் இறங்கிவிட்டது. "என்னோட இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, ஆரெண்டு கேக்க, இல்லை அண்ணை எண்டு சொன்ன நீயோ?"

"பிள்ளை மூச்சுக்குத் தவிச்சது அண்ணை. உங்களுக்குத் தெரியும்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். உங்களிட்டையும் அக்காட்டையுமா மூண்டு தரம் சொன்னனான்."

"என்ன சொன்னனீ? கொஞ்சம் மணக்குதெண்டு அவளிட்டச் சொன்னாய். கொஞ்சம் உள்ளுக்க வருதெண்டு என்னட்டச் சொன்னாய். அதோ சொல்லுறது?" அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என்ர வீட்டில எட்டு மாதம் இருந்தனீ. நான் உனக்கு அந்நியனோ? என்ர சட்டையைப் பிடிச்சு, உந்த அடுப்பைத் தூக்கி எறியும், பிள்ளை சாகப்போகுதெண்டு கத்தியிருக்கவேணும். சண்டை பிடிச்சிருக்கவேணும். நீ மரியாதையாக் கதைச்சுப்போட்டு முதுகுக்குப் பின்னால போய்க் கையெழுத்து வைச்சிருக்கிறாய்."

"உங்களோட நான் எப்பிடியண்ணை சண்டை பிடிக்கிறது?" என்றாள் இமெல்டா. "நீங்கள் செய்ததுகளை வைச்சுக்கொண்டு நான் எந்த வாயால கத்துறது?"

எமிலியானுஸ் அவளைப் பாராமல் சொன்னார்: "தீயணைக்கிறவன் சொல்லுறான், நீதான் அவளைக் காப்பாத்தினதாம். கொல்லவும் நீ, காப்பாத்தவும் நீ. போ. இதுக்குப் பிறகு என்ர மனுசிக்குப் பக்கத்தில நீ வரப்படாது."

வீட்டுக்குப் போகும் வழியில், மெட்ரோவில், டனிஸ்ரன் ஒரேயொரு தடவை வாயைத் திறந்தான். "எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

அவன் அக்காடி நிலையம் வரும்வரை இருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். விட்டிருக்கமாட்டான். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதுதான் அவனுக்கு இன்னும் கூடிய கோபம்.

மாக்கிரட் ஒன்பது நாளில் வீடு திரும்பினாள். தீயணைப்புப் படை அடுப்புக்கு முத்திரை வைத்துவிட்டிருந்தது. இரண்டு கிழமை நன்றாகத்தான் இருந்தாளாம். மூன்றாம் கிழமை, தைத்த சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்தாள். பிறகு நடை குறுகியது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன்முன் நின்றபடியே பொங்கி வழிய விட்டாள். சில வேளை இப்படித்தான், நாள் கழித்துத்தான் காட்டும் என்றாராம் டாக்குத்தர். இதெல்லாம் இமெல்டாவுக்குச் சொன்னது பிலோமினம்மா. கோவிலில் பூ வைக்கிற அந்த மனுசி தெரிந்ததை வைத்திருக்கமாட்டாள். இதை இங்கே சொன்னதுபோல, இமெல்டா செய்ததையும் எல்லா இடமும் சொன்னாள்.

"என்ன இருந்தாலும் பிள்ளை, சொந்தச் சனத்தை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்குடுத்திருக்கக்கூடாது" என்று இமெல்டாவின் முகத்துக்கு நேரேயும் சொன்னாள்.

"அவள்ர பிள்ளை நீலமாகிக் கிடந்ததை நீங்கள் பாக்கேல்லை" என்று ஒருவராவது சொல்லுவார்கள் என்று இமெல்டா சுற்றிப் பார்த்தாள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் எல்லாரும் திரும்பித் திரும்பிக் கைகொடுத்தார்கள். அவளுக்கு முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பவில்லை. றொஷினி மட்டும் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. இமெல்டா பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தவக்காலம் தொடங்குமுன் அவர்கள் தமிழ்ப் பூசைக்குப் போவதை விட்டார்கள். தெருமுனைப் பிரெஞ்சுக் கோவிலில், விளங்கியும் விளங்காமலும், கடைசி வாங்கில் இருந்தார்கள்.

முன்வீட்டு வங்காளிப் பெண் ஒருநாள் கோழிக்கறி கொண்டு வந்தாள். எமிலியானுஸ் முதலில் தங்களைச் சந்தேகப்பட்டது அவளுக்கும் தெரிந்திருந்தது. "அப்போது நீங்கள் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள், கோபமில்லாமல். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இமெல்டாவுக்கு அந்தக் கறி இறங்கவில்லை.

பனி கரைந்தபின் எமிலியானுஸ் அடுப்பைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே கொண்டு வந்து வைத்தார். பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து ஏற்றிப் போனான். மிஞ்சின கரி மூட்டைகளையும் கொண்டு போகச் சொன்னார். அவன் கரி வேண்டாம் என்றான். பிறகு அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் குப்பைநாளில் வைத்தார். யன்னல் திரைக்குப் பின்னால் நின்று இமெல்டா பார்த்தாள். அவர் ஒருதரமும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தாடி வளர்ந்திருந்தது. வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு எடுத்து மாக்கிரட்டைப் பார்க்கிறார் என்று டனிஸ்ரன் சொன்னான். பண்டகசாலையில் ஒருவரும் டனிஸ்ரனோடு சாப்பிட உட்காருவதில்லை என்பதை அவன் சொல்லவில்லை; அதை அவள் வேறொருவர் மூலம் அறிந்தாள்.

மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறுகிற ஜூலை முதலாம் திகதி அவர்களும் மாறினார்கள். நெடுஞ்சாலைக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு பேரில் ஒருவன்தான் வந்தான். குளிர்சாதனப் பெட்டி பழைய வீட்டு வாசற்படியில் சரிந்து, டனிஸ்ரனின் விரலை நசுக்கிக்கொண்டு நின்றது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை.

அடுத்த வீட்டு முன்படியில் எமிலியானுஸ் இருந்தார். பக்கத்தில் கதிரையில் மாக்கிரட், வெயிலுக்குத் தொப்பி போட்டு, மடியில் கையை வைத்தபடி. அவர் எழும்பி வந்து பெட்டியின் கீழ்மூலைக்குத் தோள் கொடுத்தார். மூன்று பேருமாக அதை லொறியில் ஏற்றினார்கள்.

கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது இமெல்டா வழியில் நின்றாள். விலகுவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். ஆறு மாதத்தில் முதல்தரமாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு இப்ப முட்டு எப்பிடி?"

கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குச் சுகமாக இருந்திருக்கும், ஒருவேளை அவளுக்கும். ஆனால் ஒருதரம் அந்த மனிதருக்கு முன்னால் பொய் சொல்லியாகிவிட்டது.

"இல்லை அண்ணை. ஜனவரிக்குப் பிறகு ஒருக்காலும் வரேல்லை."

அவர் தலையாட்டினார். "அப்ப அது புகைதான்."

"ஓம் அண்ணை."

மாக்கிரட் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். மாக்கிரட் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெருவில் போகிற எந்த லொறியையும் பார்ப்பதுபோல. அவர் நடந்து போய், மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி, மெல்ல மெல்ல உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

லொறிக்குள் டனிஸ்ரன் நசுங்கின விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். "என்ன கேட்டவர்?"

"றொஷினியைப் பற்றிக் கேட்டவர்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை" என்றாள் இமெல்டா, பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டு. டனிஸ்ரன் லொறியை எடுத்தான்.